பட்டறையும் மேடையும்

பட்டறை என்னும் சொல்லுக்குப் பெரம்பூரில் விளக்கம் தேவையில்லை. 1856ஆம் ஆண்டு மதராஸ் இரயில்வே நிறுவனம் இங்குத் தன் பணிமனையைத் தொடங்கியது. 1955 அக்டோபர் 2ஆம் நாள் ஐ.சி.எப். இரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அருகிலேயே பக்கிங்காம் - கர்நாடிக் ஆலையின் சங்கு 1996இல் ஆலை மூடப்படும் வரை பல தலைமுறைகளின் பொழுதை அளந்து கொடுத்தது. இரும்பை அறுப்பதும் இணைப்பதும் தறியை ஓட்டுவதும் இப்பகுதி மக்களின் அன்றாட வாழ்வாயின. 1977ஆம் ஆண்டு சென்னையில் எழுத்தாளர் ந. முத்துசாமி ஒரு நாடகக் குழுவை உருவாக்கியபோது அதற்கும் 'கூத்துப்பட்டறை' என்றே பெயரிட்டார். சபா, மன்றம், கலைக்கழகம் என்ற பெயர்களே வழக்கிலிருந்த காலத்தில் இப்பெயரைத் தேர்ந்ததைத் தற்செயல் எனக் கொள்ள இயலாது. நாடகம் பொழுதுபோக்கு வேளையில் ஒத்திகை பார்த்து ஒப்பிக்கும் விளையாட்டாக இராமல், கைவினைஞனின் தொழில்போல் பயின்று செய்யப்பட வேண்டும் என்ற எண்ணம் அப்பெயரில் இருக்கிறது.

இந்த இரண்டு பட்டறைகளுக்கும் உள்ள உறவு சொல்லளவில் நின்றுவிட்டதா, பொருளளவில் எப்போதேனும் நிறைவேறியதா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினா. நம் பங்குத்தள மேடைகளுக்கும் இவ்வினா தொடர்புடையது என்பதைப் போகப்போகக் காண்போம்.

மாஸ்கோவில் ஓர் இரவு

தொழிற்கூடத்தை நாடக மேடைக்குக் கொண்டுவரும் முயற்சி வெளிப்படையாக நிகழ்ந்த இடம் புரட்சிக்குப் பிந்தைய உருசியா. 1921ஆம் ஆண்டு மாஸ்கோவில் சில கலைஞர்கள் தங்களைக் கட்டுமானவாதிகள் என அழைத்துக்கொண்டனர். ஓவியன் உலகை அழகுபடுத்திக் காட்டுவது போதாது. பொறியாளனைப்போல் பயன்படும் பொருளைக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அலங்காரம் என்பதே அவர்களுக்கு ஆகாத சொல்.

1922 ஏப்ரல் 25ஆம் நாள் இயக்குநர் மேயர்ஹோல்ட் பெல்ஜிய நாட்டு ஆசிரியர் குரோம்லிங்கின் நாடகமொன்றை அரங்கேற்றினார். மனைவிமீது கொண்ட பொறாமையால் தன் குடும்பத்தைத் தானே சிதைத்துக்கொள்ளும் ஒருவனின் கதை அது. அவன் வாழுமிடம் ஒரு மாவு ஆலை. வேறெவரேனும் இயக்கியிருந்தால் ஆலையையும் ஓடையையும் துணியில் தீட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். லியுபோவ் போப்போவா என்ற பெண் கலைஞர் அந்த மேடைக்கு அமைத்தவை வேறு: ஏணிகள், சறுக்குப் பலகை, சுழல் கதவு, மேல்தளங்கள், பின்னால் மூன்று சக்கரங்கள். திரைகளும் மறைப்புகளும் அகற்றப்பட்டு அரங்கின் செங்கற்சுவரே கண்ணுக்குத் தெரிந்தது. நடிகர்கள் ஒரே மாதிரியான நீல நிற வேலை உடையில் வந்தனர். கதைமாந்தனின் பொறாமை ஏற ஏறச் சக்கரங்களின் வேகமும் ஏறியது. பார்வையாளர் ஓர் ஆலையின் படத்தைப் பார்க்கவில்லை. ஒரு மனத்தின் சுழற்சியை மரத்திலும் உடலிலும் பார்த்தனர்.

இந்த அமைப்பில் ஒரு விதி அடங்கியிருக்கிறது. மேடையிலுள்ள ஒவ்வொரு பொருளும் வேலை செய்ய வேண்டும். ஏணி இருந்தால் எவனாவது ஏற வேண்டும். சறுக்குப் பலகை இருந்தால் எவனாவது சறுக்க வேண்டும். பார்ப்பதற்காக மட்டும் வைக்கப்பட்ட பொருளுக்கு அங்கே இடமில்லை. நாடகத் திறனாய்வில் நமக்குக் கிடைத்துள்ள பயன்மிக்க உரைகற்களுள் இது ஒன்று என்று கருதுகிறோம்.

பொதுவுடைமைப் புரட்சியின் பிள்ளையாகிய இக்கலை நமக்கு அந்நியமானது என்று எண்ணுவோர் ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். அதே மாஸ்கோவில் தைரோவ் என்ற இயக்குநர் 1920இல் மேடையேற்றியது பிரெஞ்சுக் கத்தோலிக்கக் கவிஞர் பால் குளோதெலின், மரியாவுக்கு அறிவிக்கப்பட்ட மங்களச் செய்தியைத் தலைப்பிலேயே தாங்கிய நாடகம். 1923இல் அவர் மேடையேற்றியது செஸ்டர்டனின் 'வியாழன் என்ற மனிதன்'. செஸ்டர்டன் அதற்கு முந்தைய ஆண்டுதான் கத்தோலிக்கத் திருஅவையில் இணைந்திருந்தார். இரண்டுக்கும் மேடை வகுத்தவர் அலெக்சாந்தர் வெஸ்னின். செஸ்டர்டனின் கதைக்கு அவர் மின்தூக்கிகள் ஏறியிறங்கும் ஒரு நகர எலும்புக்கூட்டையே எழுப்பினார். கதையின் ஆன்மிக உட்பொருள் அந்த எந்திர ஓசையில் எவ்வளவு எஞ்சியது என்பது ஐயமே. ஆயினும் நம்பிக்கையைப் பேசும் எழுத்துக்குப் புதிய வடிவம் பகையன்று என்பதற்கு இவை சான்றாகின்றன.

திரைச்சீலையின் ஆட்சி

இனி நம் மேடைக்கு வருவோம். பார்சி நாடகக் குழுக்களின் வழியாகத் தீட்டிய திரைகள் தமிழகத்திற்கு வந்தபின், அரண்மனைத் திரை, காட்டுத் திரை, தெருத் திரை என்ற வரிசை நம் நாடகத்தின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. நவாப் இராஜமாணிக்கம் தம் குழுவைக் கொண்டு நடத்திய நாடகங்களுள் 'இயேசுநாதர்' ஒன்று. ஒளி, காட்சி, கூட்டம் ஆகியவற்றால் பார்வையாளரை வியப்பில் ஆழ்த்தியவர் அவர். பின்னாளில் ஆர். எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' போன்ற நாடகங்களில் தந்திரக் காட்சிகளால் அவ்வழியை வளர்த்தார். இவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எளிய மக்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து கண்டுகளித்த மேடை அது. ஆனால் அங்கே வியப்புக்குரியது பெரும்பாலும் காட்சியமைப்பே. நடிகன் அதன் முன்னால் நின்று பேசினான். அதனோடு அவன் உடலுக்கு உறவில்லை. திரை மாறினால் இடம் மாறியது. அவன் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

இத்தனைக்கும் பொருள் வேலை செய்ய வேண்டும் என்ற விதியை நம் நாட்டுப்புறம் மாஸ்கோவிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. வட தமிழகத்துத் தெருக்கூத்தைப் பாருங்கள். பின்னணி இசைப்போர் அமர ஒரு பலகை, பாத்திரம் வரும்போது இருவர் பிடித்து நிற்கும் ஒரு துணி, இவ்வளவே மேடை. அந்தத் துணி எந்தக் காட்சியையும் காட்டுவதில்லை. வருபவனை மறைத்து, அவன் குரலை முதலில் கேட்கச் செய்து, கிரீடத்தின் நுனியைக் காட்டி, எதிர்பார்ப்பை வளர்த்து, பின் விலகுகிறது. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது; அது முடிந்ததும் போய்விடுகிறது.

'அர்ச்சுனன் தபசு' இன்னும் தெளிவான சான்று. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இக்கூத்திற்கென உயர்ந்த மரமொன்று நடப்படுகிறது. அதில் படிகள் பொருத்தப்படுகின்றன. அர்ச்சுன வேடமிட்டவர் பாடிக்கொண்டே படிப்படியாக அதில் ஏறுகிறார். தவத்தின் கடுமையை எவரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. கீழே நிற்பவர் அண்ணாந்து பார்க்கிறார். ஏறுபவரின் மூச்சும் வியர்வையும் உண்மையானவை. வீழ்ந்தால் அடிபடுவதும் உண்மை. போப்போவாவின் ஏணிக்கும் இந்த மரத்திற்கும் கொள்கையளவில் வேறுபாடில்லை. ஆனால் ஒன்று மிகுதியாக இருக்கிறது: மேலிருந்து அவர் வீசும் பூவையும் கனியையும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திப் பெறுகின்றனர். அங்கே பார்வையாளர் வெறும் பார்வையாளராக நிற்பதில்லை.

முத்துசாமியின் பெருமை இதைக் கண்டுகொண்டதில் இருக்கிறது. அவர் தொடக்கத்தில் எழுதிய நாடகங்கள் மேலை நாட்டு அபத்த நாடகத்தின் சாயலுடையன என்று பேசப்பட்டன. பின்னர்த் தெருக்கூத்தைக் கண்டு, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் தம் நடிகர்களைப் பயிலச் செய்தார். கூத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பான 'அன்று பூட்டிய வண்டி' அதைத் தமிழரின் அரங்கக் கலையாக வாதாடி நிறுத்திய நூல். அவருடைய 'நாற்காலிக்காரர்' நாடகத்தில் ஒரு நாற்காலி அதிகாரத்தின் முழுச்சுமையையும் ஏற்கிறது. அதைத் தாண்டி மேடைக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. அக்காலத்தில் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் நடத்திய பயிற்சிப் பட்டறை, சென்னையில் ஞாநியின் பரீக்‌ஷா, மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கம் ஆகியனவும் திரைச்சீலையைத் தமிழ் மேடையிலிருந்து இறக்கிய முயற்சிகளே. 2018ஆம் ஆண்டில் ஞாநியையும் முத்துசாமியையும் நாம் இழந்தோம். அவர்கள் காலத்துப் பணியை நிதானமாக எடைபோட இப்போது இயலும்.

எவர் உடல், எவர் மொழி?

எடைபோடும்போது இரண்டு குறைகள் தென்படுகின்றன. முதலாவது, மொழி பற்றியது. நவீன நாடகம் உடலுக்குப் பயிற்சி தந்த அளவுக்குப் பார்வையாளனின் செவிக்கு இடம் தரவில்லை. படிமங்களும் உடைந்த உரையாடல்களும் நிறைந்த நாடகங்கள் பெரும்பாலும் நகரின் நடுவிலுள்ள பண்பாட்டு நிறுவன அரங்குகளில், நாடகம் அறிந்த சிலர்முன் நிகழ்ந்தன. உழைப்பாளியின் உடலசைவைக் கலையாக்கிய நாடகத்தை உழைப்பாளி காணவில்லை. கூத்திலே கட்டியக்காரன் இடையிடையே வந்து இன்றைய பேச்சில் கதையை விளக்குவான், கிண்டல் செய்வான், தூங்குபவனை எழுப்புவான். கூத்தின் அடவையும் துணியையும் எடுத்துக்கொண்ட நவீன மேடை, அவனுடைய பொறுமையையும் அதே அளவில் எடுத்துக்கொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இக்குறையைப் போக்க முயன்றது வீதி நாடகம். கட்டடப் பொறியியல் கற்ற வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை பலருக்குத் திருப்புமுனையாயிற்று. 1984இல் தொடங்கிய பிரளயனின் சென்னைக் கலைக்குழு மேடையையே விட்டிறங்கித் தெருவில் மக்களைத் தேடிச் சென்றது. 1989 சனவரி முதல் நாள் தில்லிக்கு அருகே சாகிபாபாத் தொழிற்பகுதியில் தொழிலாளர் நடுவே நடித்துக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார் என்பது இவ்வடிவம் எவ்வளவு ஆபத்தான உண்மையைப் பேசக்கூடியது என்பதைக் காட்டிற்று. எனினும் அவசரத்தில் எழுந்த பல வீதி நாடகங்களில் மனிதர்கள் முழக்கங்களாகச் சுருங்கினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலாளி எப்போதும் தொப்பையுடன் வந்தான். தொழிலாளி எப்போதும் முட்டியை உயர்த்தினான்.

இரண்டாவது குறை ஆழமானது. அதன் வேர் மாஸ்கோவிலேயே இருக்கிறது. மேயர்ஹோல்ட் தம் நடிகர்களுக்கு வகுத்த உடற்பயிற்சி முறைக்கு, அமெரிக்கரான டெய்லரின் தொழிற்சாலை மேலாண்மைக் கொள்கையை முன்மாதிரியாகக் காட்டினார். வீணான அசைவின்றி, தாளம் தவறாமல், குறைந்த நேரத்தில் நிறைந்த பலன் தரும் தொழிலாளியே சிறந்த நடிகனுக்கு உவமை என்றார். மேடையில் இது துள்ளலும் எழிலுமாக விளைந்தது உண்மை. ஆனால் அதே கொள்கை ஆலைக்குள் எவ்வாறு விளையும் என்பதைப் பெரம்பூர் அறியும். இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் எனப் போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் பிறந்தது இந்த ஆலைத் தொழிலாளர்க்காகவே. பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களுக்காக முன்னின்று பேசியபோது எழுந்த குறைகளுள் ஒன்று, நண்பகலில் உண்பதற்கு விடப்பட்ட இடைவேளை போதவில்லை என்பது. தறியின் வேகத்துக்கு ஈடுகொடுத்த உடலுக்குப் பசித்தது. நிதானமாகச் சோறு உண்ண நேரம் கேட்ட அந்த மனிதன் எந்திரத்தின் உறுப்பாக இருக்க மறுத்தான்.

கட்டுமானவாதத்தின் மேடையில் உணவு இடைவேளை இல்லை என்று சொல்லலாம். களைப்பை, மூப்பை, நோயை அது அறியவில்லை. மேயர்ஹோல்டின் முடிவு இதை வேதனையுடன் நினைவூட்டுகிறது. 1938இல் அவர் அரங்கம் மூடப்பட்டது. 1939 சூனில் கைதானார். மனித உடலின் ஆற்றலைக் கொண்டாடிய அம்முதியவரின் உடல் சிறையில் இரப்பர் பட்டையால் அடித்து வதைக்கப்பட்டது. 1940 பிப்ரவரி 2ஆம் நாள் தம் 65ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனிதனைக் கருவியாக மட்டும் எண்ணிய அரசு, அக்கருவி தனக்கு உதவாதென முடிவு செய்தபோது உடைத்துப் போட்டது. 1955இல் அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார்.

அதே கொடிய ஆண்டுகளில் போலந்தில் வேறொரு சோதனை நாடகம் நிகழ்ந்ததையும் இங்கு ஒப்பிடலாம். நாசிகளின் ஆட்சிக்கு அடங்கிய கிராக்கோவில் 1941இல் கோத்லார்சிக் என்பவர் இரகசியமாக ஒரு நாடகக் குழுவை நடத்தினார். வீட்டுக் கூடங்களில் காட்சியமைப்பின்றி, சொல்லையே நம்பி அவர்கள் நடித்தனர். நடிகர்களுள் ஒருவர் பகலில் சோல்வே நிறுவனத்தில் உடலுழைப்புத் தொழிலாளியாக இருந்த இளைஞர் கரோல் வொய்த்திவா. பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக 1981இல் மனித உழைப்பு பற்றிச் சுற்றுமடல் வரைந்தவர் அவரே. உழைப்பு மனிதனுக்காக, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்னும் அம்மடலின் கருத்துக்குப் பின்னால், கற்சுரங்கத்தையும் ஆலையையும் வெறுமையான மேடையையும் அறிந்த ஒருவரின் பட்டறிவு இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். மேடை வெறுமையாகும்போது மனிதன் எந்திரமாக வேண்டுவதில்லை. அவன் குரல் தெளிவாகக் கேட்கவும் கூடும்.

நம் பங்கு மேடைகள்

இந்த உரைகல்லில் நம் தவக்கால நாடகங்களையும் உரைத்துப் பார்ப்பது நேர்மையாகும். பாஸ்கா நாடகம் நம் மக்களின் பெருஞ்செல்வம். நடிப்போரும் காண்போரும் ஒரே தெருவினர். பகலில் பணிமனைக்குச் செல்பவர் இரவில் பிலாத்துவாகிறார். நவீன நாடகம் எத்தனையோ ஆண்டுகளாகத் தேடிய இந்த நெருக்கம் நமக்குக் கேளாமலே கிடைத்திருக்கிறது. புனித வெள்ளியன்று தெருக்கள் வழியே செல்லும் சிலுவைப்பாதை நாடகம் அன்று, வழிபாடு. ஆயினும் நடந்துகொண்டே காணும் மக்களையும், ஊரையே களமாகக் கொள்ளும் அமைப்பையும் அரங்கக் கலைஞர் எவரும் வியந்தே பார்ப்பர்.

இருந்தும் பல ஊர்களில் இந்நாடகங்கள் சென்ற திசை கவலை தருகிறது. உரையாடல் முழுவதையும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து, நடிகர்களை வாயசைக்கச் செய்வது வழக்கமாகிவிட்டது. கெத்சமனியில் துயருறுபவருக்குத் தம் குரல் இல்லை. ஒலிபெருக்கி தாமதித்தால் அவர் துயரமும் தாமதிக்கிறது. மனிதனை எந்திரத்தின் உறுப்பாக்கும் செயலை, மாஸ்கோவின் துணிவோ எழிலோ இல்லாமல், நாமே செய்கிறோம். எருசலேம் தேவாலயம் தெர்மாகோலில் எழுகிறது. வண்ண விளக்குகள் சுழல்கின்றன. இவற்றுள் எந்தப் பொருளும் வேலை செய்வதில்லை, காட்டப்படுகிறது, அவ்வளவே.

எல்லாவற்றிலும் வருத்தத்துக்குரியது சிலுவை. நம் நாடகம் அனைத்திலும் ஒரு பொருள் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் அது இதுதான். அது சுமக்கப்பட வேண்டும். தோளை அழுத்த வேண்டும். சுமப்பவரை விழச் செய்ய வேண்டும். சீரேனே ஊர்ச் சீமோனின் உதவியைத் தேவையாக்க வேண்டும். மரம்போல் வண்ணம் பூசிய எடையற்ற சிலுவையைச் சுமப்பவர் மூன்று முறை விழுந்து காட்டலாம். ஆனால் எடை தூக்கிப் பழகிய மக்களை ஏமாற்ற இயலாது. தோள் எவ்வாறு இறங்கும், முழங்கால் எங்கே மடியும், கழுத்து நரம்பு எப்போது புடைக்கும் என்பது பணிமனையில் பாரம் தூக்கியவருக்குத் தெரியும். அவர் பக்தியினால் மௌனமாக இருக்கிறாரே அன்றி, அவர் கண் அந்தச் சிலுவையை நம்புவதில்லை. சுமை பொய்யானால் சீமோனும் தேவையற்றவராகிறார். உதவிக்கு வரும் அண்டை வீட்டானின் பொருளே நாடகத்தினின்று விழுந்துவிடுகிறது.

மாற்றுவழி நமக்கு எட்டாததன்று. யாழ்ப்பாணத்தில் அருட்தந்தை நீ. மரிய சேவியர் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தில் தொடங்கி, நாட்டுக்கூத்தையும் சொற்களற்ற நாடகத்தையும் கையாண்டு, போரின் நடுவிலும் மேடையைக் காத்தது. மரபும் சோதனையும் ஒரே கூரையின்கீழ் வாழலாம் என்பதற்கு அது அண்மைச் சான்று. நம் பங்குகளில் பொருளுதவி குறைவு என்பர். தெர்மாகோலுக்கும் விளக்குக்கும் வாடகை ஒலிக்கருவிக்கும் ஆகும் செலவில் நல்ல மரம் ஒன்று வாங்கலாம். அதை இழைக்கத் தச்சரும், மேடைக்குச் சாரம் கட்டக் கட்டடத் தொழிலாளரும், ஏணி பற்றவைக்க வெல்டரும் நம் பங்கிலேயே இருக்கின்றனர். இன்றுவரை நாடகத்தின்போது கூட்டத்தில் அமர்ந்திருக்கும் அவர்களை மேடையின் ஆக்குநராக அழைக்கும் நாளில் பட்டறையும் மேடையும் முதன்முறையாக உண்மையில் சந்திக்கும்.

கட்டுமானவாதம் நமக்கு விட்டுச்சென்ற பாடத்தில் கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் உண்டு. வேலை செய்யாத பொருளை மேடையிலிருந்து அகற்று என்பது கொள்ளத்தக்கது. மனிதனையும் அப்பொருள்களுள் ஒன்றாக எண்ணு என்பது தள்ளத்தக்கது. வருகின்ற தவக்காலத்தில் ஏதேனும் ஒரு பங்கு, வண்ணத் திரையின்றி, பதிவு செய்த குரலின்றி, நடிகர்தம் சொந்தத் தொண்டையினின்று எழும் சொல்லும் சொந்தத் தோளில் அழுந்தும் மரமுமாகத் திருப்பாடுகளை நடத்திப் பார்க்கட்டும். குரல் கடைசி வரிசைக்கு எட்டாமற் போகலாம், சொல் தடுமாறலாம். எனினும் சிலுவை உண்மையாகக் கனக்கும்போது, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து கைகொடுக்க முன்வருவார்.